காலியான வீட்டில் காலை விளக்கு

அத்தியாயம் 6

"வீடு நல்ல வீடு, தெரு நல்ல தெரு. விலை மட்டும் இப்படி இறங்கிக் கிடக்கு. எலி ஏன் மேடம் அம்மணமா ஓடுது?" என்றான் ரேடியோ.

கண்ணாடியம்மா எதிரே இருந்த மூன்று மாடிக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் அது. இருபது வருடம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊரார் பேச்சைக் கேட்டவர். அந்த வேலை போனதும், காதையே முதலாகப் போட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். ரேடியோ அவருடைய உதவியாளன். நாற்பது வயது. மனைவியும் மூன்று மகள்களும் இருக்கிற வீட்டில் தன் முறை வருவதே இல்லை என்பதால், வெளியே வந்தால் வாயை மூட மாட்டான்.

அவர்களை அமர்த்தியவர் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். முப்பத்திரண்டு வருட உழைப்புக்குக் கைக்கு வந்த பணத்தை ஒரு வீட்டில் போட்டு வாடகைக்கு விட நினைத்தார். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்திருக்கும் அவருடைய மகள் அந்த வாடகையை நம்பித்தான் இனிக் காலம் தள்ள வேண்டும். அதனால் ஆறு பகுதிகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ரயிலுக்கு முன்னால் தண்டவாளம் பார்த்துக்கொண்டு நடக்கும் ஆளைப் போல நீங்கள் முன்னால் போய்ப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து பகுதிகள் கழிந்து போயின. ஒன்றில் தண்ணீர் லாரியில் வந்தது. ஒன்றில் பக்கத்துத் தொழிற்சாலையை மூடப் போவதாகப் பேச்சு. இன்னொன்றில் சுவரின் புதுப் பூச்சுக்கு அடியில் இடுப்பளவுக்கு வெள்ளம் வந்த கறை தெரிந்தது. நான்காவதில் லாரிகள் விடிய விடிய உறுமின. ஐந்தாவதில் ஒரே தெருவில் பத்தொன்பது 'வாடகைக்கு' பலகைகளை ரேடியோ எண்ணினான். ஆள் வேண்டாம் என்று அந்தப் பகுதியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்றான்.

இந்த ஆறாவது பகுதி அப்படி இல்லை. ஏழு நிமிடத்துக்கு ஒரு பஸ். பத்து நிமிட நடையில் பெரிய ஆஸ்பத்திரி. இரண்டு பள்ளிக்கூடங்கள். மழை பெய்த அன்று ரேடியோவைக் குடையோடு நிற்க வைத்துப் பார்த்தாயிற்று, தண்ணீர் கால் மணியில் வடிந்துவிட்டது. தெருவில் காலியாகக் கிடந்தது ஒரே வீடு, மூன்றாம் மாடியில். அதைத்தான் விற்கிறார்கள், அதுவும் ஊர் விலையில் கால் பங்கைக் குறைத்து. விற்கிறவர் நேர் கீழே இரண்டாம் மாடியில் மனைவியோடு குடியிருக்கும் பழைய எலக்ட்ரிக் காண்ட்ராக்டர்.

தரகரைக் கிண்டியதில் ஒரு சங்கதி வெளியே வந்தது. இரண்டரை வருடத்தில் ஐந்து குடித்தனம் மாறிவிட்டது. ஐந்தும் தனியாக இருந்து வேலைக்குப் போகும் இளம்பெண்கள். வேறு யாருக்கும் அந்த வீட்டைக் கொடுத்ததே இல்லை.

கண்ணாடியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து பேரில் மூன்று பேரைத் தேடிப் பிடித்தார். மூன்று பேரும் வீட்டுக்காரர்களை ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. முன்பணம் முழுதாகத் திரும்பி வந்ததாம். ஏன் காலி செய்தீர்கள் என்றால் மட்டும் தரையைப் பார்த்தார்கள். தூக்கம் சரியில்லை என்றாள் பாங்க்கில் வேலை செய்கிறவள். நிம்மதி இல்லை என்றாள் மருந்துக்கடைக்காரி. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்திதான் கொஞ்சம் மனம் திறந்தாள்.

"லீவு நாள்ல அசந்து தூங்கினா, காலைல ஏழரைக்குக் கதவைத் தட்டுவாங்க கீழ் வீட்டு அம்மா. நான் திறந்ததும் என் முகத்தை மட்டும் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம இறங்கிடுவாங்க. ஒரு தடவை நான் எந்திரிக்கலன்னு சாவி போட்டுத் திறந்து உள்ளேயே வந்துட்டாங்க. வேலை நாள்ல ஒரு நாள்கூட தட்டினதில்ல. எனக்கு லீவு வாரா வாரம் மாறும், அதை நான் யார்கிட்டயும் சொன்னதும் இல்ல. அப்புறம் எப்படித் தெரியும் அவங்களுக்கு? யாரோ என்னைப் பார்த்துக்கிட்டே இருக்காங்கன்னு தோண ஆரம்பிச்சுது. அதோட அங்க இருக்க முடியல."

அதைக் கேட்டதிலிருந்து ரேடியோவின் பேச்சு பாதியாகக் குறைந்துவிட்டது. அவனும் மூன்று பெண்களைப் பெற்றவன். சுவரில் எங்கோ ஓட்டை இருக்கிறது மேடம் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

அந்த ஓட்டையைத் தேடித்தான் இப்போது எதிர்க் கட்டடத்து மேல்மாடித் தையல்காரர் கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். தையல்காரரின் மிஷின் ஜன்னலோரம் இருந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே மூன்றாம் மாடிக் குளியலறையின் சிறிய கண்ணாடித் திறப்பு. சட்டைக்கு அளவு எடுத்துக்கொள்ள ரேடியோ இரண்டு கையையும் விரித்து நிற்க, அந்தக் காலி வீட்டைப் பற்றிக் கண்ணாடியம்மா பொதுவாக விசாரித்தார்.

"காலியா? யார் சொன்னது?" என்றார் தையல்காரர், வாயில் ஊசியோடு. "தினம் காலைல ஏழு இருபதுக்கு அந்தக் குளியலறை விளக்கு எரியும். பத்து நிமிஷத்துல அணைஞ்சுடும். நான் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் திருத்தறேன்."

அந்த வீடு காலியாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தெருவில் இறங்கியதும் ரேடியோ, பேயாக இருந்தாலும் சுத்தபத்தமான பேய், தினம் நேரத்துக்குக் குளிக்கிறது என்றான். கண்ணாடியம்மா சிரிக்கவில்லை. தரகரிடம் போய்ச் சாவி வாங்கி வரச் சொன்னார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு இருவரும் சத்தமில்லாமல் மூன்றாம் மாடிக்கு ஏறி உள்ளே போனார்கள். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை. சுத்தமாகப் பெருக்கி வைத்திருந்தது. ரேடியோ சுவர் முழுவதையும் கையால் தடவிப் பார்த்தான், ஓட்டை எதுவும் இல்லை. குளியலறையில் ஒரு வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடியம்மா ஸ்விட்ச் பலகைக்கு அருகே மூக்கை வைத்துப் பார்த்தார். அதிலிருந்து ஒரு வயர் மேலே விளக்குக்குப் போனது. இன்னொரு வயர் சுவர் மூலை வழியாக இறங்கி, தரையில் போட்ட துளைக்குள் புகுந்து மறைந்தது.

"ரேடியோ, தனியா இருக்கிற பொண்ணு வேலை நாள்ல காலைல ஏழரைக்குள்ள என்ன செய்வா? லீவு நாள்ல எதைச் செய்ய மாட்டா?"

"குளியல் மேடம். எங்க வீட்டுலயும் அப்படித்தான். ஞாயித்துக்கிழமைன்னா மத்தியானம் வரைக்கும் சோப்பு காய்ஞ்சு கிடக்கும்."

"குளிக்கப் போனா இந்த விளக்கைப் போடணும். விளக்கு எரிஞ்சா அது கீழ் வீட்டுல தெரிஞ்சுடும். எரியாத அன்னிக்கு மேல வந்து கதவைத் தட்டறாங்க. அவங்க பொண்ணுங்களைப் பார்க்கல. விளக்கைத்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க."

எதற்காக என்று ரேடியோ கேட்க வாயெடுத்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் சமையலறைக்குள் ஒதுங்கினார்கள். சாவி திரும்பியது. உள்ளே வந்தவர் வீட்டுக்காரப் பெரியவர். எழுபது வயது இருக்கும், ஒடிசலான உடம்பு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனார். ஸ்விட்சைப் போட்டார். கவிழ்ந்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். அப்படியே அசையாமல் இருந்தார்.

திருடனைப் பிடிப்பதைப் போல வெளியே பாயத்தான் ரேடியோ தயாராக இருந்தான். ஆனால் அந்த முதுகைப் பார்த்ததும் அவன் கால் எழவில்லை. கண்ணாடியம்மாதான் மெதுவாகப் போய்க் குளியலறை வாசலில் நின்று, தாங்கள் யார், யாருக்காக வந்திருக்கிறோம் என்பதைச் சொன்னார். பெரியவர் திடுக்கிட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. இருங்க, அணைச்சுட்டு வந்து பேசறேன்," என்றார்.

 ஆறு நிமிடம் ஆனதும் பெரியவர் விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, வெறுந்தரையில் உட்கார்ந்து சொன்னார்.

அவருக்கு ஒரே மகள். பெரிய படிப்பு, நல்ல உத்தியோகம். அவள் தேர்ந்தெடுத்த பையனை இவர் வேண்டாம் என்றார். ஏதோ கோபத்தில் வாயை விட்டார், அவளும் விட்டாள். நான் உங்க வீட்டுல இருந்தாத்தானே பேசுவீங்க என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த மாடிக்கு வந்துவிட்டாள். மாதம் பிறந்தால் வாடகையை உறையில் போட்டுக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போவாளாம். பெற்ற அப்பனுக்கே வாடகை. எட்டு மாதம் ஒரே கட்டடத்தில், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி, பேச்சில்லாமல் கழிந்தது. அம்மாவும் பேசக் கூடாது என்று அவர் கட்டளை போட்டிருந்தார். அவளாக இறங்கி வரட்டும் என்று காத்திருந்தார்.

"ஒரு நாள் காலைல மேல என்னமோ விழுந்த சத்தம். போய்ப் பார்க்கட்டுமான்னு என் வீட்டுக்காரி கேட்டா. வாளி விழுந்திருக்கும், பேசாம இருன்னேன். அன்னிக்கும் போகல. மறுநாளும் போகல. மூணாம் நாள் அவ ஆபீஸ்லருந்து ஆள் வந்து கேட்டப்பதான் கதவைத் திறந்தோம். குளியலறையில விழுந்து கிடந்தா. விழுந்த அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். இவ காது பட சொன்னார்."

அதன் பிறகு அவருடைய மனைவி அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்றார். ஒரே ஒரு காரியம் கேட்டாள். இனி மேலே யார் இருந்தாலும் காலையில் எழுந்துவிட்டார்களா என்பது தனக்குத் தெரிய வேண்டும். அவர் கீழே சமையலறையில் ஒரு சின்ன சிவப்பு விளக்கைப் பொருத்திக் கொடுத்தார். தனியாக இருக்கிற பெண்ணாகப் பார்த்துக் குடிவைத்தார்கள். தினம் காலை மனைவி அடுப்புக்கு முன்னால் நின்று அந்த விளக்கைப் பார்ப்பாள். எரிந்தால் தேநீர் போடுவாள். எரியாவிட்டால் மாடி ஏறுவாள்.

கடைசிப் பெண் காலி செய்த பிறகும் அவள் மூன்று நாள் ஏறி வந்து காலி வீட்டைத் தட்டினாள். நான்காம் நாள் படியில் தவறி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, புதிதாக ஒரு பெண் குடிவந்திருக்கிறாள் என்று பெரியவர் பொய் சொன்னார். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தினமும் மேலே வந்து விளக்கைப் போட ஆரம்பித்தார்.

"அடுத்த மாசம் எனக்கு இதயத்துல ஆபரேஷன். மூணு வாரம் படுத்துடுவேன். எந்திரிப்பேனான்னும் தெரியாது. யார் விளக்கைப் போடறது? எந்தப் பொண்ணும் இங்க நிலைக்கல, அதான் விலையைக் குறைச்சு சீக்கிரம் தள்ளிவிடலாம்னு பார்த்தேன். வாங்கறவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்க நினைச்சேன். ஏழரைக்குள்ள எந்திரிக்கிற ஆளா பார்த்துக் குடிவைக்கணும்." பிறகு கண்ணாடியம்மாவைக் கும்பிடுகிற மாதிரி பார்த்தார். "இவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று கண்ணாடியம்மா வாக்குக் கொடுத்தார். ஆனால் வாங்கப்போகிறவருக்கு அறிக்கை எழுத வேண்டும், அந்தக் கீழ் விளக்கை ஒரு முறை கண்ணால் பார்க்காமல் எழுத அவருக்குப் பழக்கமில்லை. ரேடியோவைப் பெரியவருக்குத் துணையாக விட்டுவிட்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினார்.

கதவைத் திறந்தவள் கைத்தடி ஊன்றியிருந்தாள். மேல் வீட்டைப் பார்க்க வந்ததாகவும் தண்ணீர்க் குழாய் எப்படி என்று கேட்க நினைத்ததாகவும் கண்ணாடியம்மா ஏதோ சொல்லிவைத்தார். உள்ளே வாம்மா என்று அந்த அம்மாள் சமையலறைக்கே கூட்டிப் போனாள். அடுப்புக்கு மேலே சுவரில் கட்டைவிரல் அளவில் ஒரு சிவப்பு விளக்கு, அணைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் மாடியிலிருந்து இறங்கும் பெரிய கழிவுநீர்க் குழாய்.

கண்ணாடியம்மாவின் பார்வை போன இடத்தை அவள் கவனித்துவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, கைத்தடியைச் சாய்த்து வைத்தாள்.

"மேல பேசிட்டுத்தானே வர்றீங்க? அவர் எல்லாத்தையும் சொல்லிட்டாரா?"

கொடுத்த வாக்கை நினைத்துக் கண்ணாடியம்மா வாயைத் திறக்கவில்லை.

"நீங்க சொல்ல வேண்டாம். மேல யாரும் இல்லன்னு எனக்கு முதல் நாளே தெரியும். இந்தக் குழாயைப் பாருங்க. மேல யார் குளிச்சாலும் இதுல தண்ணி இறங்கற சத்தம் கேட்கும். ரெண்டு மாசமா விளக்கு மட்டும் எரியுது. ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல."

தன் தொழிலில் இவ்வளவு காலம் குப்பை கொட்டியும், விளக்கைக் கண்டுபிடித்த தனக்குத் தண்ணீர் தோன்றவில்லையே என்று கண்ணாடியம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்தும் ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"அவ போன நாள்லருந்து அவர் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்கல. இந்த விளக்குக்கு வயர் இழுத்தப்பகூட, மேல் வேலையைத் தன் ஆளை விட்டுத்தான் செய்ய வெச்சார். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்ல. உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருந்தார். இப்ப எனக்காகன்னு சொல்லிக்கிட்டு தினம் பத்து நிமிஷம் அவகிட்ட போய் உட்கார்ந்துட்டு வர்றார். கீழ வரும்போது கண்ணு சிவந்திருக்கும். எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா அதுவும் நின்னு போயிடும். போகட்டும்மா. அவருக்கு அழ ஒரு இடம் வேணும்."

திரும்பும் வழியில் கண்ணாடியம்மா எல்லாவற்றையும் சொன்னார். ரேடியோ கேட்டுக்கொண்டே வந்தான். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்த ரகசியம் ஒன்றைக் காப்பாற்ற இரண்டு பேரும் இந்தப் பாடு படுகிறார்களே மேடம் என்றான். பஸ் நிறுத்தம் வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டு, மூன்று மகள்களையும் வரிசையாகக் கூப்பிட்டு, காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்தான்.

அறிக்கையில் கண்ணாடியம்மா உள்ளதை உள்ளபடி எழுதினார். பகுதி நல்லது. வீடும் நல்லது. ஆனால் அந்த வயர் இருக்கும் வரை குடித்தனம் நிலைக்காது. ரயில் ஓட்டுநர் அதை இரண்டு தரம் படித்தார். வயரோடு வாங்கினால் என் மகள் பட்டினி, வயரை வெட்டலாம் என்றால் என் கை வராது, எனக்கு வேண்டாம் என்றார். அதே பகுதியில் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டை ஊர் விலைக்கே வாங்கினார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஒன்றரை மாதம் கழித்துத் தரகர் அலுவலகத்துக்கு வந்தார். ஆபரேஷன் முடிந்த ஒன்பதாம் நாள் பெரியவர் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார், வீடு இன்னும் விற்காமல் கிடக்கிறது என்றார்.

துக்கம் விசாரிக்கக் கண்ணாடியம்மாவும் ரேடியோவும் போனார்கள். உறவுக்காரர்கள் வந்து திரும்பியிருந்தார்கள். வீட்டில் அந்த அம்மாள் தனியாகத்தான் இருந்தாள். அவர்களைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பற அன்னிக்கு என்கிட்ட சொன்னார், மேல இருக்கிற பொண்ணு மூணு வாரம் ஊருக்குப் போறா, விளக்கு எரியாது, நீ பயந்து மாடி ஏறிடாதேன்னு. நானும் சரின்னு சொன்னேன். அதுதான் நாங்க கடைசியா நல்லாப் பேசினது." சமையலறைப் பக்கம் பார்த்தாள். "அவர் அழ ஒரு இடம் வேணும்னு மட்டும்தான் நினைச்சேன். நானும் வர்றேன்னு ஒரு நாள் அவர்கூட மேல போயிருக்கலாம். ரெண்டு பேருமா சேர்ந்து அழலாம்னு எனக்குத் தோணவே இல்லையே."

 ரேடியோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அந்த அம்மாள் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேலே போக வேண்டும், கூட வருகிறீர்களா என்று கேட்டாள்.

மொத்தம் இருபத்திரண்டு படி. ரேடியோ ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான், கண்ணாடியம்மா தோளைக் கொடுத்தார். நான்கு படிக்கு ஒரு தரம் நாற்காலியை வைத்து உட்கார வைத்தார்கள். ஏறி முடிக்கக் கால் மணி ஆயிற்று. கதவைத் தானே திறந்துகொண்டு அவள் உள்ளே போனாள், இவர்களை வெளியே இருக்கச் சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே அவள் பேசுவது கேட்டது. தாழ்ந்த குரலில், இடையிடையே நின்று, கேள்வி கேட்பதும் பதில் சொல்வதுமாக நெடுநேரம் பேசினாள். மகளிடமா, கணவரிடமா என்பது வெளியே விளங்கவில்லை.